சிவப்புக் கோட்டைத் தொடாத வண்டி

எங்கள் தெருவின் குப்பை வண்டிக்காரர் ஒருநாள் காலையில் எங்கள் வாசற்படியில் வந்து உட்கார்ந்தார். மணி அடிக்கவில்லை. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். எதிரே அவருடைய தள்ளுவண்டி, கழுவிக் கவிழ்த்த பாத்திரம்போலப் பளபளவென்று வெறுமையாக நின்றது.

"அக்கா, ஏதாவது குப்பை இருந்தா போடுங்கக்கா" என்றார் என் மனைவியிடம்.

"இல்லையே அண்ணே" என்றாள் அவள், பரீட்சையில் முதலாவதாக வந்தவளைப்போல.

இந்த இருவரில் யார் மூத்தவர் என்பது இன்றுவரை முடிவாகவில்லை. அவர் அவளை அக்கா என்பார், அவள் அவரை அண்ணே என்பாள், இரண்டு பேருமே விட்டுக்கொடுத்ததில்லை.

"ஒரு பழத்தோல்?"

"உரத்தொட்டிக்குப் போயாச்சு."

"உடைஞ்ச சீப்பு?"

அவள் தலையை ஒருபக்கமாகத் திருப்பினாள். காதில் சீப்பின் பற்கள் விசிறிபோல் விரிந்து ஆடின.

"ஓட்டை பக்கெட்டாவது?"

அவள் கையை உயர்த்தினாள். மணிக்கட்டில் அந்த பக்கெட்டின் விளிம்பு, நீலநிற வளையலாக. வண்டிக்காரர் அதைக் கொஞ்சநேரம் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு" என்றார். பிறகு தொப்பிக்குள் முகத்தை வைத்துக்கொண்டு அழுதார்.

காரணம் இதுதான். மாதக் கடைசியில் தெருமுனையில் தராசு வண்டி வந்து நிற்கும். குப்பை வண்டியை அதன் தட்டின்மேல் ஏற்றுவார்கள்; வெறும் வண்டியின் எடையை முன்பே கழித்து வைத்திருப்பார்கள். தராசில் ஒரு சிவப்புக் கோடு. முள் அதைத் தாண்ட வேண்டும். தாண்டாவிட்டால் அந்தத் தெருவுக்கு ஒரு வண்டி தேவையில்லை என்று பொருள். போன மாதம் எங்கள் முள் அசையவே இல்லை. மேற்பார்வையாளர் தட்டைக் காலால் உதைத்துப் பார்த்தாராம், தராசு கெட்டுவிட்டதோ என்று. இந்த மாதமும் அப்படியே இருந்தால் வண்டிக்காரரை ஊருக்கு வெளியே குப்பைமேட்டுக்கு மாற்றிவிடுவார்கள்.

"அங்க என்ன வேலை அண்ணே?"

"காக்கா விரட்டுறது."

என் மனைவிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். எனக்கும் வந்தது. நான் அடக்கவில்லை.

"சிரிங்க சார், சிரிங்க. ஒரு குச்சியைக் கொடுத்து நாள் பூரா நிக்க வைப்பாங்க. போன தடவை கொட்டப் போனப்பவே ஒரு காக்கா என் தலையில கொத்திடுச்சு. அதுக்கு என்னை நல்லா அடையாளம் தெரியும். அது இருக்கட்டும். என் பொண்ணு ஸ்கூல்ல, எங்கப்பா வண்டி ஓட்டுறார்னு சொல்லி வச்சிருக்கா. என்ன வண்டின்னு யாரும் கேக்கல, அவளும் சொல்லல. நாளைக்கு எங்கப்பா காக்கா விரட்டுறார்னு அவ எந்த வாயால சொல்லுவா?"

இதற்குப்பின் நானும் சிரிக்கவில்லை.

தெரு இந்த நிலைக்கு எப்படி வந்தது என்பதையும் முறையாகச் சொல்லிவிடுகிறேன். எல்லாம் என் மனைவியின் கைவேலை. பழைய பல்துலக்கியின் நாரைக் குறட்டால் பிடுங்கிவிட்டு, பிடியைக் கொதிக்கும் வெந்நீரில் போட்டு, இளகியதும் பாட்டிலைச் சுற்றி வளைத்துப் பிடிப்பாள். ஆறினால் வளையல். தீர்ந்துபோன மாத்திரை அட்டையின் வெள்ளித்தாளில் ரோஜா மொட்டு. செய்தித்தாளை நீள முக்கோணமாக வெட்டிப் பசை தடவி ஊசியில் சுருட்டினால் மணி. பழுதான மின்விசிறிக்குள்ளிருந்து உருவிய செம்புக் கம்பியில் கோத்தால் மாலை. சாயங்கால நேரத்தில் எங்கள் கூடத்தில் குறடு, ரம்பம், பசை, வார்னிஷ் வாசனை ஆகியவற்றுக்கு நடுவில் ஓரமாக எனக்கும் ஒரு நாற்காலி உண்டு.

வீட்டுக்குள் ஒரே ஒரு சட்டம். எந்தப் பொருளையும் 'உதவாது' என்று சொல்லக்கூடாது. ஒருமுறை பிய்ந்த செருப்பை நான் அப்படிச் சொல்லிவிட்டேன். அன்று முழுவதும் அவள் என்னை ஏற இறங்கப் பார்த்த பார்வை, உதவாதவற்றில் நீங்களும் சேர்த்தியா என்று கேட்பதாக இருந்தது.

முதலில் சிக்கியவர் எதிர்வீட்டுத் தையலக்கா. அவருக்கு வெட்டுத் துணியில் ஒரு மாலை செய்துகொடுத்தாள். அடுத்து மூலைவீட்டுப் பல் டாக்டரம்மா. அவர் எக்ஸ்ரே படச்சுருள்களைக் கொண்டுவந்து கொட்டினார். அவற்றை இலையாக வெட்டி விளக்கில் காட்டினால் அழகாகச் சுருளும். பிறகு நோயாளிகளின் பல்லுக்கு அச்செடுத்த மாவுக்கட்டிகளையும் கொண்டுவந்தார். அவற்றைப் பல் பல்லாக அறுத்துத் துளையிட்டு வார்னிஷ் அடித்துக் கோத்தாள். ஒருநாள் கடைத்தெருவில் ஒரு பெரியவர் தையலக்காவை நிறுத்தி, "அம்மா, தப்பா நினைக்காதீங்க, உங்க கழுத்துல நடுவுல தொங்குறது என் கடைவாய்ப்பல்லு" என்றாராம். தையலக்கா கோபப்படவில்லை. "அழகான பல்லு ஐயா உங்களுக்கு" என்றாராம். பெரியவர் வெட்கப்பட்டுக்கொண்டே போனாராம்.

அதற்குப்பிறகு தெருவில் எவரும் எதையும் எறிவதில்லை. மாடிவீட்டு மாமா, பென்சில் சீவும்போது விழும் சுருள்களைக்கூட ஒரு டப்பாவில் சேர்த்தார். வண்டிக்காரர் மணி அடித்தால் எல்லோரும் வாசலுக்கு வருவார்கள், புதிதாகச் செய்த கம்மலை ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்ள. அவரும் பாவம், "நல்லாருக்கு, நல்லாருக்கு" என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு வெறும் வண்டியைத் தள்ளிப் போவார்.

"அழாதீங்க அண்ணே. உங்களுக்குக் குப்பை என் பொறுப்பு" என்றாள் என் மனைவி.

அன்று மாலையே எங்கள் கூடத்தில் தெருக்கூட்டம். வீட்டுக்கு ஒரு கோணி குப்பை தரவேண்டும் என்று முடிவாயிற்று. எல்லோரும் கைதட்டினார்கள். நல்ல காரியத்துக்குக் கைதட்டுவதில் எங்கள் தெரு ஒருநாளும் குறைவைத்ததில்லை.

மறுநாள் மாடிவீட்டு மாமா ஓர் உடைந்த குடையோடு முதலில் இறங்கி வந்தார். வண்டிக்குள் போடக் கையை ஓங்கினார். தையலக்கா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மாமா, கம்பியைப் பாருங்க! எவ்வளவு மெல்லிசு! கொக்கி கொக்கியா வளைச்சா எத்தனை கம்மல் தொங்க விடலாம்!"

"அட ஆமாம்மா" என்றார் மாமா. குடை எங்கள் கூடத்துக்குப் போயிற்று.

பல் டாக்டரம்மா கிழிந்த பாயைக் கொண்டுவந்தார். மாமாவே அதைத் தடுத்தார். "டாக்டர், இந்தக் கோரையைப் பின்னினா கைப்பட்டி ஆகுமே." பாயும் உள்ளே போயிற்று. யார் எதைக் கொண்டுவந்தாலும் வண்டியை எட்டுவதற்குள் அதில் இன்னொருவருக்கு ஒரு நகை தெரிந்தது. என் மனைவி கன்னத்தில் கைவைத்துக்கொண்டு நின்றாள். அவளே வளர்த்த கண்கள். யாரைக் குறைசொல்வது?

வண்டிக்காரர் வண்டிக்குள் எட்டிப் பார்த்தார். ஒரு காய்ந்த இலை கிடந்தது. காற்றில் தானாக விழுந்தது. "இதையும் எடுத்துக்குவீங்களா?" என்று கேட்டார். தையலக்கா அதை எடுத்து நரம்பைப் பார்த்தார். மெதுவாகத் திரும்ப வைத்துவிட்டார். மனசே இல்லை.

பிறகு என்னை அடுத்த தெருவுக்குக் குப்பை கடன் வாங்க அனுப்பினார்கள். நான் கோணியை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு போனேன். அந்தத் தெரு வண்டிக்காரர் எங்கள் வண்டிக்காரருக்கு மச்சான் முறை. ஆகவே கட்டாயம் கிடைக்கும் என்று நம்பிப் போனேன். மச்சான் முறை என்பதால்தான் கிடைக்கவில்லை.

"எங்க குப்பை எங்களுக்கே பத்தல சார்" என்றார் அவர், வண்டிமேல் சாய்ந்துகொண்டு. "அவனைக் கேளுங்க. என் கல்யாணத்துல மாப்பிள்ளைக்குன்னு போட்ட நாற்காலியில அவன் உக்காந்தான். இப்போ என் குப்பை மட்டும் இனிக்குதாமா?"

"பழைய கதையெல்லாம் எதுக்கு? ரெண்டு கோணி கொடுங்க, அடுத்த மாசம் திருப்பிடறோம்."

"திருப்புவீங்களா? உங்க தெருவுக்குப் போன குப்பை கம்மலாத்தான் திரும்பும். என் பொண்டாட்டி ஏற்கனவே உங்க வீட்டம்மா அட்ரஸ் கேட்டுட்டிருக்கா. போயிட்டு வாங்க சார்."

கோணியை மடித்தபடியே திரும்பி வந்தேன்.

எடை நாள் வந்தது. தெருமுனையில் தராசு வண்டி நின்றது. மேற்பார்வையாளர் ஒல்லியான மனிதர். பேசுவதற்குமுன் ஒவ்வொரு சொல்லையும் நிறுத்துப் பார்ப்பவர்போல் வாயைத் திறந்து சற்றுநேரம் வைத்திருப்பார். வண்டியைத் தட்டில் ஏற்றினார்கள். முள் அப்படியே கிடந்தது. வண்டிக்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

அப்போதுதான் என் மனைவி தன் கழுத்திலிருந்த மாலையைக் கழற்றி வண்டிக்குள் போட்டாள். பிறகு வளையல்கள். பிறகு காதிலிருந்தவை. ஓடிப்போய்க் கூடத்திலிருந்த நகைப்பெட்டிகளையும் தூக்கிவந்து கவிழ்த்தாள். தையலக்கா தன் பல்மாலையைக் கழற்றினார். டாக்டரம்மா எக்ஸ்ரே தோடுகளைக் கழற்றினார். மாமா மோதிரத்தோடு போராடினார். ஒவ்வொருவராக வந்து, குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் விடுவதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டு போட்டார்கள். முள் நகர்ந்தது. சிவப்புக் கோட்டுக்குக் கிட்டத்தில் வந்து நின்றது.

மேற்பார்வையாளர் எட்டிப் பார்த்தார். வாயைத் திறந்தார். காத்திருந்தோம்.

"இது நகை" என்றார்.

"குப்பை சார்! குப்பையில போட்டா குப்பைதானே?" என்றார் வண்டிக்காரர்.

"குப்பையில நகை கிடைச்சா எடையில சேராது. ஆபீஸ்ல வச்சு சொந்தக்காரங்களைத் தேடணும். அதுதான் சட்டம்."

"சொந்தக்காரங்க நாங்கதான். இதோ நிக்கிறோமே" என்றார் மாமா.

"அப்போ எடுத்துக்கோங்க."

மாமா நியாயம்தானே என்று கையை நீட்டினார். தையலக்கா அந்தக் கையில் ஓர் அடி போட்டார்.

மேற்பார்வையாளர் மறுபடி வாயைத் திறந்தார். "ஒரு வழி இருக்கு. இது எதுக்கும் உதவாதுன்னு செஞ்சவங்க வாயால சொல்லணும். ஒவ்வொண்ணா எடுத்து, காரணத்தோட."

எல்லோரும் என் மனைவியைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். எங்கள் வீட்டில் புழங்காத அந்த ஒரு சொல்லைத்தான் இந்த மனிதர் தேடிவந்து கேட்கிறார். வண்டிக்காரர் மட்டும் அவளைப் பார்க்கவில்லை. தொப்பியின் விளிம்பைச் சுற்றிச் சுற்றித் திருப்பிக்கொண்டிருந்தார்.

அவள் வண்டிக்குள் கையை விட்டுத் தையலக்காவின் மாலையை எடுத்தாள். ஒவ்வொரு பல்லாகத் தடவிப் பார்த்தாள். முடிச்சைப் பார்த்தாள், கொக்கியைப் பார்த்தாள்.

"உதவாது" என்றாள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"காரணம்?"

அவள் திரும்பவும் மாலையைப் பார்த்தாள். அதில் அவளுக்கு ஒரு குறையும் தெரியவில்லை. எனக்கு அவளைத் தெரியும். தெரிந்திருந்தால் அதை வெளியே விட்டிருக்கவே மாட்டாள்.

"மாலையில குறை இல்ல. கழுத்துலதான்" என்றாள்.

தையலக்காவின் கை தன் கழுத்துக்குப் போயிற்று.

"என்ன சொன்னே?" என்றார் தையலக்கா.

"கழுத்து குட்டை. மாலையைப் போட்டா மாலை தெரியுது, கழுத்து தெரியல. அந்தக் கழுத்துக்கு இது உதவாது. எழுதிக்கோங்க சார்."

மேற்பார்வையாளர் தலையசைத்தார். சட்டம் காரணம் கேட்டது, எதில் காரணம் என்று சட்டம் கேட்கவில்லை.

அடுத்து எக்ஸ்ரே தோடு. "இதுவும் உதவாது. இலை ரெண்டும் ஒரே அளவு. காதுதான் ஒண்ணு மேல, ஒண்ணு கீழ. நானும் நிமித்தி நிமித்திப் பார்த்துட்டேன், சாஞ்சுதான் தொங்குது."

"என் காதா?" பல் டாக்டரம்மா இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

"மாமா மோதிரம். வளையம் வட்டம். விரல்தான் வாழைப்பழம்."

"ஏம்மா, வயசுக்காவது ஒரு மரியாதை வேண்டாமா?"

"வயசுக்குக் கொடுக்கலாம் மாமா. விரலுக்கு எப்படிக் கொடுக்கறது?"

அவள் கை இறங்கி ஏறிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு நகையையும் தலைக்குமேல் தூக்கிக் காட்டினாள். எவருடைய தாடையும், எவருடைய தோளும் தப்பவில்லை. வேலையில் குறைசொல்ல அவளுக்கு நாக்கு வரவில்லை. ஆட்களில் குறைசொல்லச் சரளமாக வந்தது. என் முறையும் வந்தது. "இது எங்க வீட்டுக்காரருக்குச் செஞ்ச சட்டைப் பொத்தான். பொத்தான் நல்ல பொத்தான். அதுக்குப் பின்னாடி இருக்கிற வயிறு..." என்று ஆரம்பித்தாள். மீதியை இங்கே எழுதுவதற்கில்லை.

முதலில் வெடித்தவர் தையலக்காதான்.

"போதும்டி! இத்தனை நாளா என் கழுத்தை மனசுக்குள்ள அளந்துக்கிட்டுதான் என் வீட்டுல டீ குடிச்சியா?" என்று வீட்டுக்குள் ஓடினார். என் மனைவி கற்றுக்கொடுத்துச் செய்த உரத்தொட்டியைத் தூக்கிவந்து மண்ணோடு புழுவோடு வண்டியில் கவிழ்த்தார். "இந்தா, நீ கொடுத்த துணிப்பை. இந்தா, நீ கட்டிவிட்ட திரை. உன் சங்காத்தமே வேண்டாம்!"

டாக்டரம்மா கிளினிக்கிலிருந்து மாவுக்கட்டிகளைக் கூடைகூடையாகக் கொண்டுவந்து கொட்டினார். மாமா, வாயே திறக்காத தன் பழைய ரேடியோவை மாடியிலிருந்து இறக்கினார். எப்போதாவது உதவும் என்று வைத்திருந்தது. அதைப் போட்டுவிட்டு, ஆத்திரம் அடங்காமல் ஒற்றைச் செருப்பைக் கழற்றிப் போட்டார். பிறகு, மற்றதை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அதையும் போட்டார். எங்கள் கூடத்திலிருந்த குடையும் பாயும் எப்படியோ வெளியே வந்து விழுந்தன. நல்லெண்ணத்தால் ஒரு காய்ந்த இலையைக்கூட எறியமுடியாத தெரு, கோபத்தில் வீட்டையே காலிசெய்தது. இதில் எந்தப் பொருளையும் எவரும் பார்க்கவில்லை. பார்த்தால்தானே நகை தெரியும்.

முள் சிவப்புக் கோட்டைத் தாண்டியது. தாண்டிப்போய் மறுகோடியில் முட்டி நடுங்கியது.

மேற்பார்வையாளர் இம்முறை வாயை அதிகநேரம் திறந்தே வைத்திருந்தார். "இந்தத் தெருவுக்கு ஒரு வண்டி போதுமான்னு யோசிக்கணும்" என்றார்.

வண்டிக்காரர் தொப்பியை அணிந்துகொண்டு என் மனைவியைக் கையெடுத்துக் கும்பிட்டார். அவள் கவனிக்கவில்லை. தெருவில் ஒவ்வொரு கதவாகச் சாத்தப்படுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த மாதம் முழுவதும் அவளோடு யாரும் பேசவில்லை. வண்டிக்காரர் மட்டும் காலையில் மணி அடித்துவிட்டு வந்து படியில் உட்காருவார். முகத்தில் புது மாப்பிள்ளைக் களை.

"நல்லா போடறாங்கக்கா. உங்களை நினைச்சு நினைச்சே போடறாங்க. டாக்டரம்மா நேத்து ஒரு திரைச்சீலை முழுசா போட்டாங்க."

"அண்ணே, எனக்குத் தையலக்காகிட்ட பேசணும்போல இருக்கு."

"ஐயோ வேண்டாம்! எடை முடியட்டும்கா. ராசியாயிட்டீங்கன்னா வண்டி காலியாயிடும்."

"அப்புறம் அடுத்த எடை வருமே?"

"அதை அப்போ பார்த்துக்கலாம்" என்றார் வண்டிக்காரர். அது அவருக்கே சரியாகப் படவில்லை. ஆனால் எழுந்து போய்விட்டார்.

அடுத்த எடை நாளன்று காலையில் தையலக்காவே வந்தார். இடுப்பில் சாவிக்கொத்தும் துணி வெட்டும் கத்திரிக்கோலும் இருந்தன, கழுத்து வெறுமையாக இருந்தது. வாசலில் நின்று காலால் தரையைத் தேய்த்தார்.

"நேத்து கண்ணாடியில பார்த்தேன். கொஞ்சம் குட்டைதான்" என்றார்.

"அதெல்லாம் இல்லக்கா..." என்று என் மனைவி இரண்டு படி இறங்கினாள். முகம் அப்படியே விரிந்துவிட்டது.

தையலக்காவின் முதுகுக்குப்பின்னால் வண்டிக்காரர். பாதிக்குமேல் நிறையாத வண்டியை ஒருகையால் பிடித்துக்கொண்டு, மறுகையை வேண்டாம் வேண்டாம் என்று ஆட்டினார். பிறகு வண்டியைக் காட்டினார். பிறகு இரண்டு கைகளையும் சிறகாக விரித்துத் தன் தலையிலேயே விரலால் கொத்திக் காட்டினார்.

என் மனைவி அவரைப் பார்த்தாள். தையலக்காவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் செய்தித்தாளைப் பார்த்தேன்.

"கழுத்து பரவாயில்லக்கா. நீங்க தைக்கிறதுதான்..." என்றாள். நாக்கு இழுத்தது. "கோணல்."

தையலக்காவின் முகம் சிவந்தது. கழுத்தைச் சொன்னதைப் பொறுத்துக்கொண்டவர். தையலைச் சொன்னால்?

"என் தையலா? என் தையலா கோணல்?" இடுப்பிலிருந்த கத்திரிக்கோலை உருவி வண்டிக்குள் வீசினார். "இனிமே உன் வீட்டுத் துணியில ஊசியை வச்சா என்னை ஏன்னு கேளு!"

எதிர்வீட்டுக் கதவு அடித்துச் சாத்திக்கொண்டது. என் மனைவி படியில் நின்றபடி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "நல்ல கத்திரிக்கோலுங்க" என்றாள் என்னிடம். "நாளைக்கே கொண்டுபோய்க் கொடுத்துடணும்."

வண்டிக்காரரும் தலையசைத்தார். எடை முடியட்டும், தானே கொண்டுவந்து கொடுப்பதாகச் சொன்னார். அவள் கத்திரிக்கோலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கைப்பிடி வளையங்கள் இரண்டும் ஒரே அளவு, வழவழவென்று தேய்ந்து மின்னின. அவள் அழுகை நின்றது. தலை மெல்ல ஒருபக்கம் சாய்ந்தது. வலதுகை தானாக எழுந்து காதுமடலைத் தொட்டது.

"அண்ணே, ஒரு நிமிஷம் நில்லுங்க" என்றாள்.

வண்டிக்காரர் அவள் கையைப் பார்த்தார், காதைப் பார்த்தார். வண்டியின் பிடியை இறுகப் பற்றினார்.

"பார்க்காதீங்கக்கா! சத்தியமா சொல்றேன், பார்க்காதீங்க!" என்று கத்திக்கொண்டே, மணி தானாக அடிக்க அடிக்க, தெருமுனைத் தராசை நோக்கி வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடினார்.